ஆணையம் அனுப்பிய மாமிகள்

நிலாக் குடியிருப்பில் மைமூனுடையது ஒரே முஸ்லிம் குடும்பம். புதிதாக அமைந்த சிறுபான்மையோர் நல ஆணையம் அவள்மேல் பாசத்தைக் கொட்டியது. மகளின் நிக்காஹுக்குச் சொந்தபந்தம் இல்லையே என்று அவள் மனுப் போட்டாள். உடனே நான்கு இயந்திர மாமிகளை அனுப்பிவிட்டார்கள்.

மாமிகள் தங்கமானவர்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மணப்பெண்ணுக்கு மருதாணி இட்டார்கள். நெய்ச்சோறு பிரமாதம் என்று நான்கு பேரும் சொன்னார்கள். ஒருத்தி முகத்திலும் சின்னச் சுளிப்புக்கூட இல்லை. ஆனாலும் மைமூனுக்கு அது கல்யாண வீடு மாதிரியே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுத் தெய்வானை இன்னும் வராதது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"நான் எதுக்கு? அதான் கவர்மெண்ட்கிட்ட கேட்டு மாமிங்களை வாங்கிட்டியே!" தெய்வானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன் பொண்ணுக்கு தினமும் தலை வாரிவிட்டவ நான். சொந்தம் இல்லைன்னு எப்படிடி மனுப் போட்ட?"

"தப்புதான்க்கா. வாங்க."

"நான் வரல."

மைமூன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தெய்வானை கொஞ்சநேரம் முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு உர்ரென்ற முகத்தோடே வந்து பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

"உப்பு பத்தலடி."

மைமூனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெரியம்மா வந்தாச்சு!" என்று மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, உப்பு எடுக்க ஓடினாள்.