இடது கைக்கு வந்த விசைகள்

அலுவலகத்தில் பழைய லேப்டாப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தன்னுடையதைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்பா, என் ஷார்ட்கட் மட்டும் அப்படியே இருக்கட்டும்னு மேல ஒரு வார்த்த சொல்லிப் பாரேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

நாளை முதல் வாடிக்கையாளர் கொடுக்கும் கணினியில்தான் வேலை. அதில் எல்லாருக்கும் ஒரே அமைப்பு. ஒரு விசையைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

விலக்கு வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பழக்கம் என்று சொன்னால் எடுபடாது. குழுவுக்குத் தலைவன் என்ற முறையில் போய்க் கேட்க வேண்டியவன் நான்.

நிரலில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு பெயர் வரும். அது எங்கே பிறந்தது என்று போய்ப் பார்க்க ஒரு விசை. அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஒரு விசை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர இன்னொன்று. ஊர் உலகத்தில் இதற்கெல்லாம் இரண்டு கையும் வேண்டும்.

அவள் அத்தனையையும் இடது கைக்குக் கொண்டுவந்திருந்தாள். திரும்பி வருவதற்கு கேப்ஸ் லாக்.

எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம் அது. அவள் தன் வீட்டில் இருந்தபடியே எங்கள் கணினிகளுக்குள் நுழைந்து பிழை பார்ப்பாள். அவளுக்குத் தோதாக இருக்கட்டும் என்று நாங்களும் அதே அமைப்பைப் போட்டுக்கொண்டோம். அப்புறம் அதுவே கையில் ஒட்டிக்கொண்டது. வலது கை சும்மா கிடந்தது. டீ குடித்தோம், முதுகு சொறிந்தோம்.

இங்கிருந்து வேறு கம்பெனிக்குப் போனவர்கள் முதல் வாரம் முழுக்க கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டுப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தார்களாம். எங்கேயாவது அப்படி ஒருத்தன் கத்தினால் அவன் எங்கள் ஆள்.

அவள் கேமரா போட்டதில்லை. குரல் மட்டும் வரும்.

பேச்சுக்கு நடுவில் ஒரு சிணுங்கல் கேட்கும். "இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்பாள். அது எங்களுக்கு இல்லை. ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்தாள் போலிருக்கிறது. அந்தக் குரல் அலறிய அலறலில் கூட்டமே நின்றுபோனது.

ஒரு கை மாட்டிக்கொண்டிருக்கிறது, மறு கையால்தான் தட்டுகிறேன் என்று அவளே சொன்னாள். மிச்சத்தை நாங்கள் போட்டு நிரப்பிக்கொண்டோம். வீட்டுக் கதை பேசுகிறவள் இல்லை அவள். நானும் குடைகிறவன் இல்லை.

என் அம்மா கட்டட வேலையில் கல் சுமந்தவள். அவளுடைய இரண்டு கையும் தலைக்கு மேலேதான் இருக்கும். சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். தூக்கச் சொல்லி அழுதால் சாயங்காலம் முதுகில் விழும். அதனால், ஒரு கையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் சம்பாதிக்கிறவள் என்றால் எனக்கு ஒரு தனி மரியாதை. கொஞ்சம் பொறாமையும்தான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் முதலில் காதில் விழுவது அந்தச் சிணுங்கல்தான். ஒற்றை அறையில் ஆறிப்போன சோற்றைத் தின்றுகொண்டு கிடந்தவனுக்கு, அது கேட்டால் ஒரு வீட்டுக்குள் இருப்பது போலிருக்கும். கேட்காத நாளில் நானே விசாரிப்பேன், தூங்கிடுச்சா என்று. தூங்கியாச்சு என்பாள். அவள் குரலும் அப்போது இறங்கிவிடும். நானும் மெல்லப் பேசுவேன்.

அப்புறம் ஒருநாள் சிணுங்கல் நின்றுவிட்டது. வளர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுகின்றன.

அலுவலகம் திரும்பி இவ்வளவு காலமாகியும் அவள் மௌஸைத் தொட்டதில்லை. இடது கை விசைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். வலது கை மடியில் கிடக்கும்.

"மேடம், இது ஒண்ணுதான் பாக்கி" என்றார் தள்ளுவண்டிக்காரர்.

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

"மேனேஜர்கிட்ட என்னன்னு போய்ச் சொல்ல? கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு வேல பாத்தவ, அதுல பழகின கைன்னு சொன்னா, இன்னுமா எறக்கி விடலன்னு சிரிப்பாரு. இப்ப என்ன வயசாகுது உன் பையனுக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

"இருந்திருந்தா எழுபத்தாறு."

குனிந்திருந்த நான் நிமிர்ந்தேன்.

"எங்கப்பா. மார்க்கெட்டுல மூட்ட தூக்கினவரு. கடைசில ஆளு, பேரு, வீடு எதுவும் ஞாபகம் இல்ல. நான் மட்டும் அவருக்கு அஞ்சு வயசுப் புள்ள."

ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பை மூடினாள்.

"விடு, நீ ஒண்ணும் கேக்க வேணாம். இதெல்லாம் ஒரு காரணமான்னுவாங்க."

எழுந்துபோய் அதைத் தானே தள்ளுவண்டியில் வைத்தாள். பிறகு, ஏதோ கணக்கைத் திருத்துகிறவள் போல என் பக்கம் திரும்பினாள்.

"நான் எங்க அவரப் புடிச்சிருந்தேன்? அவருதான் என் கையப் புடிச்சிருந்தாரு. விட்டா கூட்டத்துல நான் தொலஞ்சு போயிடுவேனாம்."