திருஷ்டி மணி

ஜெயங்கொண்டத்தில் ஆரி ஜாக்கெட் தைக்கும் பானுப்ரியா, தன் கடை விளம்பரத்துக்காக ஒரு ஜாக்கெட்டை வேப்பந்தட்டை அம்சவள்ளிக்குப் பார்சலில் அனுப்பினாள். அதை அவள் அணிந்து படம் போடுவதாகப் பேச்சு. படங்களைத் தேடிச் சேமித்துவைக்கும் செயலியில் அம்சவள்ளியின் படங்களுக்கு ஏக மவுசு. முகம் காட்ட மாட்டாள், முதுகு மட்டும்தான். அளவு கேட்டதற்கு, "உங்க அளவுக்கே தைங்க, சரியா இருக்கும்" என்று எழுதியிருந்தாள்.

நாலாம் நாள் படம் வந்தது. அன்றைக்கே இரண்டு கல்யாணப் பெண்கள் அதே மாதிரி வேண்டுமென்று கடைக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் பார்சல் திரும்பி வந்தது.

"வூடு பூட்டிக் கெடக்குங்க. ரொம்ப நாளா அங்க யாரும் இல்லையாம்" என்றார் கூரியர்காரர்.

பானுப்ரியா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஜாக்கெட்டின் மடிப்புகூடக் கலையவில்லை. திருஷ்டிக்காக முதுகுக் கழுத்தோரம் வழக்கமாகக் கோக்கும் ஒற்றைக் கறுப்பு மணியை இதில் மறந்துபோயிருந்தாள்.

படத்தில் அந்த மணி இருந்தது.

தினமும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்யும் இலக்கியாவிடம் ஃபோனை நீட்டினாள். இலக்கியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது மணி இல்லக்கா," என்றாள். "உங்க மச்சம்."