அத்தை எடுத்த அடி

சலோமிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த ஒரு பாட்டுதான், கண்ணுகளா. தன் மாமா செத்த அன்று தாயம்மா அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒப்பாரியை எடுத்து, கோயில் கீர்த்தனை ராகத்தோடு குழைத்து, கிட்டாரை வைத்துக்கொண்டு பாடினாள். மேடை, கல்யாண வீடு, டீக்கடை, எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான்.

இப்போது அத்தையின் ஒரே மகன் ஆசீரைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். செய்தி கேட்டு சலோமி ஓடிவந்திருந்தாள். அத்தை மகனின் காலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அதே அடியை எடுத்தாள்.

“மேக்க மழ எறங்குதே, வீடு வந்து சேரலியே...”

அடுத்த அடியைப் பந்தலே பாடிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாடிப் பழகிய வாய், தானாக வந்துவிட்டது. ஒருவன் நாற்காலிக் கையில் தாளம்கூடப் போட்டான்.

அத்தை நிறுத்தினாள். பந்தலும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

“ஏட்டி சலோமி, அத ஊருக்கே குடுத்துட்டியே. எம் புள்ளைக்கு நான் இனி எதச் சொல்லி அழ?”

சலோமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகே வந்தாள்.

“நீதான பாட்டுக் கட்டுதவ. இவனுக்குன்னு ஒண்ணு கட்டு. வேற யாரு வாயிலயும் வரப்படாது.”

சலோமி பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “ஆசீரே” என்று இழுத்தாள். அத்தையும் “ஆசீரே” என்றாள். அதற்குமேல் சலோமிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அத்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.