மஞ்சள் வட்டம்

காலை ஆறு மணிக்கு வடிவு கதவைத் திறந்தபோது, வாசலில் நின்ற தம்பி முகுந்தனைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் வட்டமாக விழுந்திருந்தது.

நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று தெருக்காரர்கள் கைபேசியில் அழுத்திக் குறிப்பவற்றின் மேல்தான் அந்த வட்டம் விழும். மறுநாள் விடிவதற்குள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். சாய்ந்த மின்கம்பம், இட்லிக் கடை, நாய்கள் எல்லாம் அப்படித்தான் போயின. தெருவும் நடக்க நன்றாகத்தான் இருந்தது.

முகுந்தனுக்கு முப்பது வயது, மனசு குழந்தையினுடையது. போகிறவர்கள் முன்னால் பாய்ந்து உரக்க வணக்கம் சொல்வான்.

"அக்கா, கோலம் பாரேன்!"

எதிர்வீட்டு ரேணுகா நடைக்குக் கிளம்பியிருந்தாள். வடிவு அவளை முறைத்தாள்.

"என்னை மட்டும் ஏன்டி முறைக்கிற? தெருவுல எல்லா வீடும் அழுத்தினாத்தான் வட்டம் விழும், ஒரு வீடு விட்டாலும் விழாது, தெரியும்ல?"

வடிவு தம்பியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வட்டமும் அவனோடு கூடத்துக்குள் வந்தது. அங்கே அவள் கணவன் நடைக் காலணியின் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"ஏங்க, நம்ம வீட்டுல யாரு அழுத்துனது?"