வேண்டாம் என்று ஒரு போன்

“நாலையும் படிச்சவன் வேலை தேடி அலையறான் சார். ஒண்ணை ஒழுங்கா படிச்சவன் வேலையில குந்தினு இருக்கான். நான் எதுக்குங்க எம் பொண்ண காலேஜிக்கு அனுப்பணும்?”

கோபால்சாமி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கதவோரம் நின்றிருந்த அவர் மகள் செந்தாமரைக்கு நம்பிக்கை குறைந்தது. அப்பா பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவளுக்கு இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்திருந்தது. ஒன்று, வேலூரில் டயாலிசிஸ் டெக்னீஷியன் டிப்ளமோ. இரண்டு வருடம் படித்தால் ஆஸ்பத்திரி வேலை நிச்சயம் என்றார்கள். இன்னொன்று, திருவண்ணாமலையில் பி.ஏ. வரலாறு. டிப்ளமோவில் சேருகிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குக் கல்லூரிதான் வேண்டும். வக்கீல் ஆவதா, டீச்சர் ஆவதா, தாசில்தார் ஆவதா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. அது தெரிவதற்குள் வாழ்நாள் முழுக்க ஒரே மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்க மனம் வரவில்லை. மூன்று நாளாக அம்மாவிடம் அழுது பார்த்தாள். அம்மாக்கண்ணுவோ, “உங்கப்பங்கிட்ட யாரு வாயக் குடுக்கறது” என்று முறத்தை எடுத்துக்கொண்டு சாமை புடைக்கப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் தெய்வம் மாதிரி ஆனந்தன் சார் வந்து நின்றார். ஜமுனாமரத்தூர் பள்ளியில் செந்தாமரையின் வகுப்பாசிரியர். ஆலங்காயத்தில் வீடு. இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை வீட்டு வாசலையும் மிதித்தவர் இல்லை. கடைசி மணி அடித்தால் பஸ்ஸில் இருப்பார். அப்படிப்பட்டவர், பள்ளி திறக்காத நாளில், வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் பேச உட்கார்ந்தார்.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. பதினேழு வயதுப் பிள்ளையை ஒரே வேலைக்குள் போட்டுப் பூட்டுவது பாவம் என்றார். இன்றைக்கு இருக்கிற மெஷின் பத்து வருடம் கழித்து இருக்குமா என்று கேட்டார். டிகிரி கையில் இருந்தால் எழுதக்கூடிய பரீட்சைகளை விரல்விட்டு எண்ணினார், இரண்டு கையும் போதவில்லை.

கோபால்சாமியும் லேசில் விடவில்லை. பக்கத்து ஊரில் பி.ஏ. முடித்தவன் திருப்பூரில் பனியன் மடிப்பதைச் சொன்னார். அவன் ஒரு பரீட்சை எழுதிவிட்டுச் சலித்துப்போனவன், செந்தாமரை அப்படி இல்லை என்று சார் அவர் வாயை அடைத்தார். வகுப்பில்கூட அவர் இவ்வளவு உயிரைக் கொடுத்துப் பேசி அவள் பார்த்ததில்லை.

கடைசியில் சார் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

“நீங்க சாமையோட நிறுத்திக்கினீங்களா? புளி வெச்சிருக்கீங்க, பலா வெச்சிருக்கீங்க, ஆடு வளக்கறீங்க. ஒண்ணு கைய விட்டா இன்னொண்ணு தாங்குது. நெலத்துக்குப் பாத்த மாதிரி பொண்ணுக்கும் பாருங்க.”

கோபால்சாமி எழுந்து சார் காட்டிய பக்கம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. எங்களுக்கு இன்னா தெரியும். போவட்டும் சார், காலேஜிக்கே போவட்டும்.”

செந்தாமரைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த அம்மாக்கண்ணு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாரும் பெரிதாக மூச்சுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். மணி நாலரை.

சும்மா இருந்துவிட்டால் மரியாதை இல்லை, வேண்டாம் என்று இப்போதே டிப்ளமோ ஆபீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார் சார். அதுவும் சரிதான் என்று கோபால்சாமி போனை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

வீட்டில் சிக்னல் வராது. சாரும் அவளும் ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறினார்கள். அந்த ஊரில் யாருக்குப் போன் பேச வேண்டுமென்றாலும் அங்கேதான் ஏற வேண்டும். அங்கும் சிக்னல் அரைகுறைதான் என்பதால் கத்தித்தான் பேசுவார்கள்.

ஆபீசில் போனை எடுத்த பெண், “நல்லா யோசிச்சிட்டியாம்மா?” என்று இரண்டு முறை கேட்டாள். எனக்கு வேண்டாம் என்று இரண்டு முறையும் செந்தாமரை திடமாகச் சொன்னாள். அவள் போனை வைக்கும்வரை சார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க மட்டும் வரலன்னா...” என்று ஆரம்பித்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இருக்கட்டும்மா, நல்லா படி. நீ வூட்டுக்குப் போ. நான் ஒரு போன் பேசிட்டு அப்படியே பஸ்ஸுக்கு எறங்கிடறேன்” என்றார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று நினைத்தபடி செந்தாமரை கீழே இறங்கினாள். வீட்டு ஓடு கண்ணில் படும்போது மேலே சார் கத்துவது தெளிவாகக் கேட்டது.

“சசிகலா, அந்தப் பொண்ணு சீட்டு வேணாம்னு சொல்லிட்டா. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தது நம்ம பையன் பிரகாஷ்தான், அவனை வேலூருக்குக் கெளம்பச் சொல்லு. இன்னாது, காலேஜா? கையோட வேலை வர்ற படிப்பை விட்டுட்டு எவனாவது பி.ஏ. படிப்பானா?”