கரையான் சான்று

கோப்பைத் திருப்பினாள். மண் உதிர்ந்தது.

சிவப்பு மண்.

விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் தேய்த்துப் பார்த்தாள்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு அலுவலகம் அது. பதிவறை அவள் பொறுப்பு. ஆற்றங்கரை ஊர், எங்கே தோண்டினாலும் கறுத்த வண்டல்தான் வரும். இந்தச் சுவர்களில் கரையான் ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அது கட்டுகிற புற்றும் கறுப்புத்தான்.

எந்தக் கரையானும் வெளியூரிலிருந்து மண் வரவழைத்து வீடு கட்டாது.

இடப்பக்கக் கோப்பு முழுசாக இருந்தது. வலப்பக்கக் கோப்பும் அப்படியே. நடுவில் இருந்த குதிரை லாயக் கோப்பு மட்டும் அரிபட்டிருந்தது.

கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் ராஜா காலத்துக் குதிரை லாயம். மெழுகுத் துணியில் கையால் வரைந்த அதன் வரைபடம் இந்த ஒரு கோப்பில்தான் உண்டு. அது இருக்கும்வரை லாயத்தின் மேல் ஒருவரும் கை வைக்க முடியாது. அது இல்லாவிட்டால் லாயம் வெறும் சுவர். வெறும் சுவரை இடிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

வரைபடம் போயிருந்தது. தையலோரம் விரலகலத் துணிதான் மிச்சம்.

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"கரையான் அரிச்சிடுச்சுன்னு ஒரு சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுடும்மா. கரையான் என்ன, அப்பீலுக்கா போகப் போகுது?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? கொஞ்ச நேரம் அவரைச் சந்தேகப்பட்டாள். பிறகு விட்டுவிட்டாள். கையெழுத்துப் போடவே சோம்பல்படுகிற மனிதர் திருடவும் சோம்பல்தான் படுவார்.

பதிவறையைப் பெருக்குகிறவர் செபஸ்தியான். வல்லத்திலிருந்து வருகிறவர்.

வல்லம் முழுக்கச் செம்மண்.

நினைத்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. அதிகாரியிடம் இருக்கும் இன்னொரு சாவியை வாங்கித்தான் காலையில் அவர் பெருக்குகிறார். பேருந்தில் நடந்த சண்டை சச்சரவையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுகிறவர், இந்த வாரம் டீயை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

எத்தனை நாள் அந்த மனிதர் கையால் டீ குடித்திருக்கிறாள்.

சான்று எழுதவில்லை. வேறொன்று எழுதினாள். ஒட்டியிருப்பது இந்த ஊர் மண்ணே அல்ல; கோப்பு வெளியே போய் வந்திருக்கிறது; செபஸ்தியானை விசாரிக்க வேண்டும். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். நாளைக்கு அதிகாரியிடம் கொடுத்துவிடலாம்.

வீட்டு வாசலில் கணவர் நின்றிருந்தார்.

"வந்துட்டியா? உக்காரு, காபி போடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியை எட்டிப் பார்க்காதவர்.

கொடியில் துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். கிளிப் ஒன்று நழுவி, மதிலோரம் கவிழ்ந்து கிடந்த சிமெண்ட் சட்டிக்குக் கீழே ஓடியது. சட்டியை நிமிர்த்தினாள்.

அடியில் புற்று. ஈரம் காயாத புது மண்.

மண்ணுக்குள் ஏதோ நீலமாக நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். மெழுகுத் துணி. அதில் கையால் வரைந்த ஓர் அம்பு. வடக்கைக் காட்டும் அம்பு.

சட்டியைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

வீடு கட்டி வல்லத்துக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. தினமும் இந்த மண்ணை மிதித்துத்தான் பேருந்து ஏறுகிறாள். திருடனைத் தேடிப் போகிறவர்களுக்குச் சொந்த வீட்டு விலாசம் ஞாபகம் வருவதில்லை.

கணவர் நிலத் தரகர். கடைவீதிப் பக்கம் பெரிய இடம் ஒன்று முடியப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த இடம் என்று அவள் கேட்டதில்லை. அவளுடைய சாவி கைப்பையில் இருக்கும். கைப்பை கூடத்து ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் காவலுக்குக்கூட ஆள் கிடையாது என்று அவரிடம் அலுத்துக்கொண்டதும் அவள்தான். ஒரு ஞாயிறு எடுத்துவந்து சட்டிக்கு அடியில் கரையானுக்குப் போட்டு, இன்னொரு ஞாயிறு திருப்பி வைத்திருக்கிறார்.

பயமாக இருந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது. விஷயம் வெளியே வந்தால் அவளுக்கு வேலை போகும். அவர் ஜெயிலுக்குப் போவார்.

"சக்கரை எவ்ளோ போடணும்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

துணித்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கொடுத்த காபியைக் குடித்தாள். அவரும் எதிரே உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, எழுதி வைத்திருந்ததை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்துக் கோப்பின் அட்டையைத் துடைத்தாள். மண் கரைந்து பரவியது. அழுத்தித் துடைத்தாள். அட்டை முழுக்கச் சிவப்பாயிற்று. வாளியும் சிவந்துவிட்டது.

யாரோ இருமினார்கள்.

கதவருகே செபஸ்தியான், கையில் துடைப்பத்துடன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"ரொம்பத் தேய்க்காதீங்க மேடம். திங்கக்கிழமை பெருக்கறப்பவே பார்த்தேன், நம்மூரு மண்ணு. லேசுல போவாது."

இன்றைக்கும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டார். நல்ல தண்ணீர் பிடித்துவரக் குழாயடிக்குப் போனார்.