ஐந்தரை மணி வகுப்பு

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மணி காலை ஐந்தரை. கையில் பால் பாத்திரத்தோடு கோகிலவாணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருபது நாளாக மாதவராஜ் இப்படித்தான். எழுந்து முகம் கழுவியதும் பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவு திறக்கும்.

மாதவராஜ் வயலின் வித்வான். வருஷத்தில் நான்கு மாதம் ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா என்று கச்சேரிக்குப் பறப்பார். மற்ற மாதங்களில் நல்லம்பள்ளி வீட்டிலிருந்தே ஏழு நாட்டு மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துவார். விசா, டிக்கெட், வகுப்பு நேரம் எல்லாம் பார்த்துக்கொள்வது மனைவி கோகிலவாணி. அவள் போட்ட அட்டவணையில் ஐந்தரை மணிக்கு எந்த வகுப்பும் இல்லை.

"காலைல யாருக்குங்க கிளாஸ்?" இட்லி வைக்கும்போது கேட்டாள்.

"புதுசா ஒரு ஆளு. ஆரம்பப் பாடம்."

"ஆரம்பப் பாடம் எடுக்கறத நீங்க வுட்டுப் பத்து வருஷமாச்சேங்க?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சட்னி கொஞ்சம் போடு" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் செல்லை எடுத்துப் பார்த்தாள். தினமும் ஐந்தரைக்கு ஒரே பெயர். சசிகலா, மெல்போர்ன்.

சசிகலாவை அவளுக்குத் தெரியும். எட்டு வருஷம் இவரிடம் கற்றுக்கொண்டு, இப்போது மெல்போர்னில் தனியாக நாற்பது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறவள். போன வருஷம் அங்கே இவர் வாசித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த போட்டோகூட ஹாலில் மாட்டியிருக்கிறது. அவளுக்கு எதற்கு ஆரம்பப் பாடம்?

மறுநாள் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ வயலினில் முதல் பாடமான சரளி வரிசையைத் தப்பும் தவறுமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ, ரி, க... மத்தியமத்தில் பிசிறி நின்றது. மறுபடியும் ஸ, ரி, க.

அப்புறம் வயலின் நின்று, மாதவராஜின் குரல் தணிந்து கேட்டது.

"வூட்ல இன்னும் சொல்லலம்மா. வாணி தாங்க மாட்டா. நீ இருக்கறதாலதான் இந்த ஒரு மணி நேரமாவது எனக்கு உசுரு இருக்குது."

கோகிலவாணி கதவிலிருந்து காதை எடுத்தாள். நாற்பது பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருப்பவள் சரளி வரிசையில் தடுமாறுவாளா? எல்லாம் வேஷம். வெளியே யாராவது கேட்டால் பாடம் நடப்பதுபோல இருக்கட்டும் என்று செய்கிற ஏற்பாடு.

பாப்பாரப்பட்டியில் இருக்கும் அக்கா மணிமேகலைக்குப் போன் போட்டு அழுதாள். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு அங்க தனியாவாடி இருக்குது?"

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. சாயங்கால வயலின் சாதகத்தை அவர் நிறுத்திவிட்டார். கேட்டால் அலுப்பு என்றார். சாப்பிடும்போதும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தால், இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை சூரிச்சிலிருந்து கிருஷ்ணப்பன் கூப்பிட்டார். ஐரோப்பாவில் மாதவராஜின் கச்சேரிகளை ஏற்பாடு செய்கிறவர்.

"என்னங்க மேடம், சாரு டிசம்பர் டூர் வேணாம்னுட்டாரு? ஏழு ஊரு. டிக்கெட்டெல்லாம் வித்துப்போச்சு. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம்."

"ஹால் கெடைக்கலன்னு நீங்கதான் நிறுத்திட்டீங்கன்னு அவரு சொன்னாரே..."

"நாங்களா? இல்லீங்களே! சொந்தக் காரணம்னு சாருதான் மெயில் போட்டிருந்தாரு."

போனை வைத்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் பொய்யே சொல்லாதவர், இந்த மாதத்தில் சொன்ன இரண்டாவது பொய் இது. டிசம்பரில் ஐரோப்பா இல்லை என்றால், வேறெங்கே போகப் போகிறார்? அலமாரியைத் திறந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்குக் கதவின்மேல் கையை வைத்தாள். அவசரத்தில் சாத்தியிருக்க வேண்டும். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரே தள்ளில் கதவு திறந்துகொண்டது.

"நாங் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க! அவ யாருங்க உங்களுக்கு?"

மாதவராஜுக்குக் கேட்கவில்லை. முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி பாய்ந்து போய் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பெண்ணின் குரலைக் கேட்க வேண்டும்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் முழுக்க ஈரம். மடியில் வயலின். ஸ்டாண்டில் இருந்த செல் அவர் முகத்தைக் காட்டவில்லை. இடது கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

திரையில் சசிகலா குனிந்து வயலினை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வில்லை நிறுத்திவிட்டு, இங்கே ஆள் மாறியது தெரியாமல் ஹெட்போனில் பேசினாள்.

"அழாதீங்க சார், சரளி வரிசைய மொதல்லேருந்து நான் மறுபடியும் சொல்லித் தர்றேன்."